பைக்கை விட்டு மூன்று சக்கரத்துக்கு மாறலாமா? வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பைக் ஓட்டும் பலருக்கும் இருக்கும் பயம் ஒன்றுதான்: சாய்ந்துவிடுமோ, விழுந்துவிடுவோமோ. முட்டி வலி வந்தவர்கள், வயதானவர்கள், ஒருமுறை மணலில் சறுக்கி விழுந்தவர்கள், காலில் பலம் குறைந்தவர்கள் எல்லோருக்கும் தோன்றும் கேள்வி, "இன்னொரு சக்கரம் இருந்தா இந்தப் பிரச்னையே இல்லையே?"

பதில் அவ்வளவு நேரடியானது இல்லை. மூன்று சக்கரத்திலும் கீழே விழும் வண்டி உண்டு. நின்றால் விழாது, ஆனால் வளைவில் கவிழும் என்ற வண்டியும் உண்டு. எது எந்த வகை என்று தெரியாமல் வாங்கினால், எந்தப் பயத்துக்காக வாங்கினோமோ அது தீராமல் வேறொரு ஆபத்து வந்து சேரும்.

உலகச் சந்தையில் என்னென்ன வகை இருக்கிறது, தமிழ்நாட்டில் நடைமுறையில் என்ன கிடைக்கும், சட்டம் என்ன சொல்கிறது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இரண்டு சக்கரம் ஏன் விழாமல் ஓடுகிறது?

நிற்கும் பைக்கை ஸ்டாண்டு போடாமல் விட்டால் விழும். அதே பைக் ஓடும்போது தானாகவே நேராக நிற்கப் பார்க்கும். வேகம் கூடக் கூட, அது சாயும் பக்கமே முன்சக்கரமும் லேசாகத் திரும்பி வண்டியைத் தூக்கி நிறுத்துகிறது. அதனால்தான் பைக்கில் தடுமாற்றம் பெரும்பாலும் மெதுவாகப் போகும்போதும், சிக்னலில் நிற்கும்போதும், யூ-டர்ன் அடிக்கும்போதும் வருகிறது.

வளைவில் பைக் உள்பக்கமாகச் சாய்கிறது. வெளியே தள்ளும் விசையை அந்தச் சாய்வுதான் ஈடுகட்டுகிறது. சாய முடியாவிட்டால் இரண்டு சக்கர வண்டியால் வளையவே முடியாது.

இதில் கவனிக்க வேண்டியது: பைக்குக்குச் சாய்வு ஒரு பலவீனம் இல்லை, அதுதான் அதன் பலம். மூன்றாவது சக்கரம் வந்தபிறகும் வண்டி சாயுமா, சாயாதா என்பதுதான் முதல் கேள்வி.

வகை 1: சாயும் மூன்று சக்கரம்

முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. பைக் மாதிரியே வளைவில் சாயும். இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் 2006-ல் கொண்டுவந்த எம்பி3 ஸ்கூட்டர் இந்த வகையைப் பிரபலமாக்கியது. 2014-ல் யமஹாவின் ட்ரைசிட்டி, 2018-ல் அதே நிறுவனத்தின் 847 சிசி நைக்கன் ஆகியவை வந்தன.

இந்த அமைப்பின் பெரிய லாபம் முன்சக்கரப் பிடிப்பு. ஈரமான சாலையில் வெள்ளைக் கோட்டின் மீதோ, மணல் படிந்த இடத்திலோ பைக்கின் முன்சக்கரம் வழுக்கினால் சுதாரிக்க நேரமே இருக்காது. முன்னால் இரண்டு டயர் இருந்தால், ஒன்று வழுக்கும் இடத்தில் இன்னொன்று பிடித்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். பிரேக் போடும்போது வண்டியின் பாரம் முன்னால் வரும். அந்தப் பாரத்தைத் தாங்கவும் இரண்டு டயர் இருக்கிறது.

ஆனால் பலர் தவறாக நினைக்கும் இடமும் இதுதான். சாயும் மூன்று சக்கர வண்டி, நிற்கும்போது தானாக நிமிர்ந்து நிற்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. நைக்கனிலும் 125 சிசி ட்ரைசிட்டியிலும் சிக்னலில் நின்றால் பைக் மாதிரியே கால் ஊன்றணும். ஊன்றாவிட்டால் விழும்.

எம்பி3-யில் கதை வேறு. வேகம் மிகக் குறைந்ததும் ஒரு சுவிட்சை அழுத்தினால் முன்பக்கச் சாய்வு அமைப்பு பூட்டிக்கொள்ளும். கால் ஊன்றாமல் உட்கார்ந்திருக்கலாம். மறுபடி ஆக்ஸிலேட்டர் கொடுத்ததும் பூட்டு விடுபடும். 2020-ல் வந்த ட்ரைசிட்டி 300-லும் நிற்கும்போது உதவும் இதுபோன்ற வசதி தரப்பட்டது. எனவே முட்டி வலிக்காகவோ கால் பலவீனத்துக்காகவோ இந்த வகையைத் தேடுபவர் முதலில் கேட்க வேண்டியது, "சாய்வைப் பூட்டும் வசதி இருக்கா?"

எடையையும் மறக்கக் கூடாது. நைக்கன் சுமார் 263 கிலோ. அது எந்த பைக்கின் இன்ஜினிலிருந்து உருவானதோ, அந்த எம்டி-09 அப்போது 193 கிலோ. கூடுதல் சக்கரமும் அதைச் சாய வைக்கும் அமைப்பும் சேர்ந்து சுமார் 70 கிலோ வித்தியாசம். பார்க்கிங்கில் இருந்து பின்னால் தள்ளி எடுப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

வகை 2: சாயாத மூன்று சக்கரம்

கனடாவின் பிஆர்பி நிறுவனம் 2007-ல் அறிமுகம் செய்த கேன்-ஆம் ஸ்பைடரில் முன்னால் இரண்டு, பின்னால் ஒரு சக்கரம். ஹார்லி-டேவிட்சனின் ட்ரை கிளைடில் முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. இரண்டுமே சாயாது. கார் மாதிரி தரையில் உட்கார்ந்தே ஓடும்.

ஹார்லிக்கு இது புதிது இல்லை. 1932 முதல் 1973 வரை சர்வி-கார் என்ற மூன்று சக்கர வண்டியை அந்த நிறுவனம் தயாரித்தது. அமெரிக்க போலீசார் பார்க்கிங் சோதனைக்கு அதைத்தான் நிறையப் பயன்படுத்தினார்கள். நின்று நின்று போகும் வேலைக்கு, ஒவ்வொரு முறையும் கால் ஊன்ற வேண்டாத வண்டி வசதியாக இருந்தது.

இந்த வகையில் நிற்கும்போது விழும் பயம் இல்லை. ஆனால் வளைவில் வண்டி சாயாததால், வெளிப்பக்கம் தள்ளும் விசை முழுவதும் ஓட்டுபவர் மீதும் வெளிப்பக்கச் சக்கரங்கள் மீதும் விழும். கைப்பிடியை இறுக்கிப் பிடித்து உடம்பை உள்பக்கம் சாய்க்கணும். வேகம் கூடினால் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பும். அதற்கு அடுத்தது கவிழ்வதுதான். இதற்காகவே ஸ்பைடரில் மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடு வைக்கப்பட்டிருக்கிறது.

பைக்கில் பல வருடம் பழகியவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஓரளவு வேகத்தில் பைக்கை இடதுபக்கம் சாய்க்க, நம்மை அறியாமலே இடது கைப்பிடியை லேசாக முன்னால் தள்ளுவோம். சாயாத மூன்று சக்கரத்தில் அதைச் செய்தால் வண்டி வலதுபக்கம் போகும். பழைய பழக்கம் கையில் இருக்கும்வரை காலி மைதானத்தில் ஓட்டிப் பழகுவது நல்லது.

ஒற்றைச் சக்கரம் முன்னாலா, பின்னாலா?

ஆட்டோ ஓட்டுபவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் இது: திரும்பிக்கொண்டே பிரேக்கை அழுத்தினால் ஆட்டோ கவிழப் பார்க்கும். காரணம் அதன் முக்கோண வடிவம். பிரேக் போட்டதும் பாரம் முன்னால் ஓடுகிறது. முன்னால் இருப்பது ஒற்றைச் சக்கரம், அதாவது முக்கோணத்தின் குறுகிய முனை. திரும்பும்போது பாரம் பக்கவாட்டிலும் நகர்வதால், முக்கோணத்தின் ஓரத்தைத் தாண்டி வெளியே போய்விடுகிறது.

முன்னால் இரண்டு சக்கரம் இருந்தால் பிரேக் போடும்போது பாரம் அகலமான பக்கம் வரும். அதனால் பிரேக் விஷயத்தில் அந்த வடிவம் பாதுகாப்பானது.

மூன்று சக்கரம் என்றாலே பத்திரம் என்ற நம்பிக்கைக்கு அமெரிக்காவில் ஒரு பாடம் இருக்கிறது. 1970-களில் அங்கே பிரபலமான, கரடுமுரடான நிலத்தில் ஓட்டும் மூன்று சக்கர வண்டிகள் கவிழ்ந்து பலர் இறந்தார்கள். அவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பு நீதிமன்றம் போனது. 1988-ல் ஏற்பட்ட உடன்பாட்டுக்குப் பிறகு நிறுவனங்கள் அந்தப் புதிய மூன்று சக்கர வண்டிகளின் விற்பனையை நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கு மாறின.

ஐரோப்பாவில் ஏன் இவ்வளவு மவுசு?

பாரிஸ் போன்ற நகரங்களில் அலுவலகம் போகிறவர்கள் எம்பி3 போன்ற ஸ்கூட்டர்களில் போவது சாதாரணக் காட்சி. இதற்குப் பாதுகாப்பு மட்டும் காரணம் இல்லை, லைசென்ஸும் ஒரு காரணம்.

ஐரோப்பிய விதிப்படி, ஒரே அச்சில் உள்ள இரண்டு சக்கரங்களுக்கு இடையே 460 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால்தான் அவை இரண்டு சக்கரமாகக் கணக்கில் வரும். அதற்குள் இருந்தால் ஒரே சக்கரமாகக் கருதப்பட்டு, வண்டி 'பைக்' ஆகிவிடும். எம்பி3-யின் ஒரு மாடலில் பியாஜியோ இந்த இடைவெளியை 465 மில்லிமீட்டராக அகலப்படுத்தியது. வண்டி 'ட்ரைசைக்கிள்' பிரிவுக்குப் போனது. பிரான்சில் கார் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் பைக் லைசென்ஸ் எடுக்காமலே ஓட்ட வழி கிடைத்தது. 2011 முதல் அதற்கு 7 மணி நேரப் பயிற்சி தேவை என்ற விதி வந்தது.

பிரிட்டன் வேறு பாதையில் போனது. 2013 ஜனவரி 19-க்குப் பிறகு கார் லைசென்ஸ் எடுத்தவர்கள் அதை வைத்து மூன்று சக்கர பைக் ஓட்ட முடியாது, பைக் லைசென்ஸ் வேண்டும். ஆனால் மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

இந்தியச் சட்டத்தில் 'பைக்' என்றால் என்ன?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் பிரிவு 2(27), மோட்டார் சைக்கிள் என்பதை 'இரண்டு சக்கர' மோட்டார் வாகனம் என்றே வரையறுக்கிறது. மூன்றாவது சக்கரத்துக்கு அது இடம் கொடுப்பது ஒரே சூழலில்தான்: கழற்றி மாட்டக்கூடிய சைடு கார் இணைத்திருந்தால். அதாவது நைக்கன், ஸ்பைடர் போன்றவை நம் சட்டத்தின் பைக் வரையறைக்குள் அப்படியே பொருந்தாது. இந்திய ஷோரூம்களில் அவை சாதாரணமாகக் கிடைப்பதும் இல்லை.

அப்படியானால் தமிழ்நாட்டில் "மூணு வீல் ஸ்கூட்டர்" என்று சொல்வது எது? பெரும்பாலும் அது மாற்றுத்திறனாளிகளுக்காகப் பின்பக்கம் இணைப்புச் சக்கரங்கள் பொருத்திய கியர் இல்லாத ஸ்கூட்டர்தான்.

இணைப்புச் சக்கர ஸ்கூட்டர்: எப்படி இயங்குகிறது?

சாதாரண ஸ்கூட்டரின் பின்பகுதியில் ஒரு இரும்புச் சட்டத்தை இணைத்து, இருபுறமும் சின்னச் சக்கரம் பொருத்துகிறார்கள். பழைய பின்சக்கரம் அப்படியே நடுவில் இருந்து வண்டியை ஓட்டும். எண்ணிப் பார்த்தால் தரையைத் தொடுவது நான்கு சக்கரம். ஆனாலும் மக்கள் வழக்கில் அது மூன்று சக்கர வண்டிதான்.

கியர் இல்லாத ஸ்கூட்டரைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. ஆக்ஸிலேட்டர், முன் பிரேக், பின் பிரேக் எல்லாமே கையில். காலுக்கு வேலையே இல்லை. போலியோவால் கால் பாதிக்கப்பட்ட ஒருவர் யாருடைய உதவியும் இல்லாமல் வேலைக்கும் கடைக்கும் போய்வர முடிவது இதனால்தான். ஊன்றுகோல் வைக்க ஒரு கொக்கி இருந்தால் இறங்கிய பிறகும் அடுத்தவரைத் தேட வேண்டாம்.

ஆனால் இது சாயாத வகை என்பதை மறக்கக் கூடாது. குழந்தைகள் சைக்கிளில் சைடு வீல் போட்டு வேகமாகத் திரும்பும்போது வெளிப்பக்கமாகக் கவிழ்வதைப் பார்த்திருப்பீர்கள். அதே கணக்குதான் இங்கேயும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, பிறகு திரும்பணும். திரும்பிக்கொண்டே பிரேக் போடுவதைத் தவிர்க்கணும்.

நம்ம ஊர் ரோட்டில் வரும் சிக்கல்கள்

பைக் போவது ஒரே தடத்தில். பள்ளத்தை வளைத்து ஒதுங்கிப் போகலாம். அகலமான வண்டிக்குத் தடங்கள் அதிகம். நடுச்சக்கரம் பள்ளத்தைத் தாண்டினாலும் பக்கச் சக்கரம் அதில் இறங்கும்.

தார்ச்சாலை ஓரம் இறக்கமாக இருக்கும் இடத்தில் பஸ்ஸுக்கு வழிவிட ஒதுங்கினால், இடதுபக்கச் சக்கரம் மண்ணில் இறங்கி வண்டி மொத்தமும் அந்தப் பக்கம் சரியும். பைக்காக இருந்தால் உடம்பைச் சாய்த்துச் சமாளிக்கலாம். இதில் அது நடக்காது.

இன்னொன்று, மேடு பள்ளத்தில் இரண்டு பக்கச் சக்கரமும் மேட்டில் நின்று, நடுவில் உள்ள பின்சக்கரம் அந்தரத்தில் தொங்கினால், ஆக்ஸிலேட்டர் கொடுத்தாலும் சக்கரம் சும்மா சுற்றும், வண்டி நகராது. பிரேக் அந்தச் சக்கரத்தில்தான் என்றால் அதுவும் பிடிக்காது. பக்கச் சக்கரங்களுக்குத் தனித்தனி ஷாக் அப்சார்பர் இருந்தால் இந்தப் பிரச்னை குறையும். வண்டி வாங்கும்போது முதலில் குனிந்து பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

பட்டறையில் கொடுத்து மாட்டிக்கொள்ளலாமா?

"வெல்டிங் பட்டறையில சொன்னா ரெண்டு நாள்ல மாட்டிக் கொடுத்துடுவாங்க" என்பது பல ஊர்களில் கேட்கும் பேச்சு. இங்கேதான் கவனம் தேவை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 52, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கும் ஆர்.சி. விவரத்துக்கும் முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் வந்த திருத்தம், மாற்றுத்திறனாளி பயன்படுத்துவதற்காக வண்டியை மாற்றியமைத்து, பதிவு அதிகாரியின் ஒப்புதல் பெற இடம் தருகிறது. அப்படி மாற்றிய வண்டி 'மாற்றியமைக்கப்பட்ட வாகனம்' என்ற தனிப் பிரிவில் வரும்.

அனுமதிக்கு உட்படாத மாற்றத்துக்குத் தண்டனையும் உண்டு. பிரிவு 182ஏ(4)-ன்படி 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும்.

அபராதத்தைவிடப் பெரிய நஷ்டம் விபத்தில்தான் தெரியும். ஆர்.சி.யில் சாதாரண ஸ்கூட்டர் என்று இருந்து, ஓடுவது பக்கச் சக்கரம் மாட்டிய வண்டி என்றால், இன்சூரன்ஸ் நிறுவனம் கேள்வி எழுப்பும். இழப்பீடு இழுபறியாகும். மாற்றம் செய்ததும் ஆர்.சி.யில் பதிவு, அடுத்து இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தகவல். இந்த இரண்டையும் தள்ளிப்போடக் கூடாது. மாற்றுத்திறனாளி வாகனத்துக்கு பிரீமியத்தில் தள்ளுபடி உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

லைசென்ஸ் கிடைக்குமா?

கிடைக்கும். சாதாரண வண்டி ஓட்டும் உடல்தகுதி இல்லை என்று முடிவானாலும், மாற்றியமைத்த வாகனத்தை ஓட்டத் தகுதி இருந்தால் அதற்கான உரிமம் வழங்கச் சட்டம் இடம் தருகிறது. மருத்துவச் சான்றுடன் விண்ணப்பித்து, எல்.எல்.ஆர். எடுத்து, தான் ஓட்டப்போகும் அந்த வண்டியிலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். ஏற்கெனவே டூ-வீலர் லைசென்ஸ் வைத்திருப்பவர்களும் இந்தப் பிரிவைத் தனியாகச் சேர்க்க வேண்டுமா என்பதை அங்கேயே உறுதி செய்துகொள்வது நல்லது.

அரசு இலவசமாகத் தருகிறதா?

தமிழக அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரை இலவசமாக வழங்குகிறது. கால்கள் பாதிக்கப்பட்டு, கைகள் நன்றாக இயங்குபவர்களை மனதில் வைத்து உருவான திட்டம் இது. படிப்பவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், சுயதொழில் செய்பவர்கள் விண்ணப்பிக்கலாம். வயது, பாதிப்பின் அளவு போன்ற தகுதி விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டையுடன் நேரில் விசாரிப்பதே சரி. சொந்தப் பணத்தைச் செலவழிக்கும் முன் எடுத்து வைக்க வேண்டிய முதல் அடி இது.

மாற்றுத்திறனாளி அல்லாத முதியவர்கள் என்ன செய்வது?

இவர்களுக்கு இணைப்புச் சக்கரச் சலுகை பொருந்தாது. அது மாற்றுத்திறனாளிக்கென்றே உள்ள பிரிவு. சந்தையில் கிடைக்கும் மெதுவாக ஓடும் மூன்று சக்கர எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் பக்கம் பலர் போகிறார்கள்.

"லைசென்ஸ் வேண்டாம், ரிஜிஸ்ட்ரேஷன் வேண்டாம்" என்று கடைக்காரர் சொன்னால் அப்படியே நம்பிவிடக் கூடாது. 250 வாட் திறனுக்குள், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் என்ற வரம்பைத் தாண்டிய எலெக்ட்ரிக் வண்டிக்குப் பதிவு வேண்டும். குறிப்பிட்ட அந்த மாடலுக்கு ஏ.ஆர்.ஏ.ஐ., ஐகேட் போன்ற சோதனை அமைப்பின் சான்று இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்கணும்.

பிரச்னை வெறும் உயரம்தான் என்றால் மூன்றாவது சக்கரமே தேவைப்படாமல் போகலாம். சீட் உயரமும் எடையும் குறைந்த ஸ்கூட்டரில் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிந்தால், சிக்னலில் வரும் பாதிப் பயம் போய்விடும்.

யாருக்கு எது சரிப்பட்டு வரும்?

- கால் ஊன்ற முடியாதவர்கள்: சாயாத இணைப்புச் சக்கர வண்டி. வேகம் குறைவு, வளைவில் நிதானம் என்ற நிபந்தனையோடு.
- கால் நன்றாக இருந்தும் சறுக்கிவிடுமோ என்று பயப்படுபவர்கள்: அந்தப் பயத்துக்குச் சரியான தீர்வு சாயும் வகைதான். அது இங்கே எளிதில் கிடைக்காது. ஏபிஎஸ் உள்ள வண்டியும் தேயாத டயரும் அதைவிடக் கைக்கெட்டும் வழி.
- நெரிசலில் புகுந்து போகணும், குறுகிய சந்தில் நிறுத்தணும் என்பவர்கள்: இரண்டு சக்கரமே வசதி.
- மலைப்பாதை, வளைவு அதிகமுள்ள ஊர்க்காரர்கள்: சாயாத மூன்று சக்கரம் எடுத்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை.

வாங்கும் முன் சரிபார்க்க 6 விஷயங்கள்

1. வண்டி சாயுமா, சாயாதா? சாயும் என்றால் நிற்கும்போது பூட்டும் வசதி உண்டா?
2. பிரேக் எந்தெந்தச் சக்கரத்தில் இருக்கிறது?
3. பக்கச் சக்கரங்களுக்குத் தனி ஷாக் அப்சார்பர் உண்டா? வெல்டிங் உறுதியாக இருக்கிறதா?
4. ரிவர்ஸ் எடுக்க வசதி உண்டா? இல்லையென்றால் உட்கார்ந்தபடி தள்ள முடியுமா?
5. வீட்டு வாசல், கேட், பார்க்கிங் அகலத்துக்குள் வண்டி நுழையுமா?
6. ஆர்.சி.யிலும் இன்சூரன்ஸிலும் மாற்றம் பதிவாகியிருக்கிறதா?

கடைசியாக ஹெல்மெட். மூன்றாவது சக்கரம் வண்டி சாய்ந்து விழுவதைத்தான் தடுக்கப் பார்க்கும். லாரி மோதினாலோ, கவிழ்ந்து தூக்கி எறியப்பட்டாலோ ஓட்டுபவரைச் சுற்றி காரில் இருப்பது போன்ற கூண்டு எதுவும் கிடையாது. எத்தனை சக்கரம் இருந்தாலும் தலை வெளியேதான் இருக்கிறது.